ஏடா: கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் மொழி

‘ஏடா’ என்று தமிழில் சொன்னால் யாரையோ அதட்டிக் கூப்பிடுவது போல இருக்கும். அந்தப் பெயரில் ஒரு கம்ப்யூட்டர் மொழி இருக்கிறது. பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான் என்றாலும், அதட்டுவதுதான் அந்த மொழியின் சுபாவமும். “இது என்ன எண்? மீட்டரா, அடியா? எதிலிருந்து எதுவரை போகலாம்? எல்லை தாண்டினால் என்ன செய்வாய்?” என்று புரோகிராம் எழுதுபவரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் சொல்லாமல் ஓர் அடி நகர விடாது.

கல்லூரிகளில் சி, ஜாவா, பைத்தான் படித்தவர்கள் தெருவுக்கு நான்கு பேர் இருப்பார்கள். ஏடா எழுதத் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் போயிங் 777 விமானத்தைப் பறக்க வைக்கும் மென்பொருளில் பெரும்பகுதி ஏடாவில் எழுதப்பட்டது. 1998-ல் பாரிஸில் திறக்கப்பட்ட 14-ஆம் எண் மெட்ரோ பாதையில் ரயிலுக்கு ஓட்டுநரே கிடையாது. அந்த ரயில்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் புரோகிராமும் ஏடாதான். பெயரே கேள்விப்படாத ஒரு மொழியை நம்பி தினமும் லட்சக்கணக்கானவர்கள் பயணம் போய் வருகிறார்கள்.

மாடிக்குக் கீழே இருக்கும் தளம்

செல்போனில் விரல் வைத்துத் தொடும் ஆப் என்பது ஒரு கட்டடத்தின் மேல்மாடி மாதிரி. அதற்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத தளத்தில், இயந்திரத்தோடு நேருக்கு நேர் பேசும் புரோகிராம்கள் இருக்கின்றன. மெமரியைப் பங்கு போடுவது, பிரேக்கைப் பிடிப்பது, ரேடார் சொல்வதைக் கேட்டு விமானத்தின் இறக்கையை அசைப்பது எல்லாம் அவற்றின் வேலை. அந்தக் கீழ்த்தளத்துக்கான மொழிகளை சிஸ்டம்ஸ் மொழிகள் என்பார்கள். அங்கே நெடுங்காலமாக ராஜா ‘சி’தான்.

சி, எழுதுபவரை முழுசாக நம்பும். எதைச் செய்யச் சொன்னாலும் மறுபேச்சு இல்லாமல் செய்யும். அதனால் வேகமும் சுதந்திரமும் கிடைக்கும். ஏடா அதே கீழ்த்தளத்தில், கிட்டத்தட்ட அதே வேகத்தில் வேலை செய்யும். ஆனால் எழுதுபவர் மனிதர், மனிதர் தவறுவார் என்பதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்ட மொழி அது.

வைக்கோல் மனிதனிலிருந்து எஃகு மனிதன் வரை

1970-களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு தலைவலி. அதன் விமானங்கள், கப்பல்கள், ஏவுகணைகளுக்குள் ஓடும் புரோகிராம்கள் 450-க்கும் மேற்பட்ட மொழிகளிலும் கிளைமொழிகளிலும் எழுதப்பட்டிருந்தன. ஒரு கருவிக்கு எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டால் அதைத் தொட்டுப் பார்க்கக்கூட ஆள் கிடைக்காத நிலை.

சரி, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே மொழி வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அது எப்படி இருக்க வேண்டும் என்பதை முதலில் பட்டியல் போட்டார்கள். பட்டியலை ஊருக்கெல்லாம் அனுப்பி, விமர்சனம் கேட்டு, திருத்தி, மறுபடி அனுப்பினார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு பெயர்: வைக்கோல் மனிதன், மர மனிதன், தகர மனிதன், இரும்பு மனிதன். 1978-ல் கடைசியாக வந்தது எஃகு மனிதன். பட்டியல் கெட்டிப்படக் கெட்டிப்படப் பெயரும் கெட்டிப்பட்டது.

பிறகு போட்டி. நான்கு குழுக்கள் களத்தில் இறங்கின. எந்தக் குழு எது என்று மதிப்பிடுபவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகச் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று நிறங்களே பெயர்களாக வைக்கப்பட்டன. 1979-ல் பச்சை வென்றது. அதை உருவாக்கியது பிரான்ஸைச் சேர்ந்த ஷான் இஷ்பியா தலைமையிலான குழு.

வென்ற மொழிக்குச் சூட்டிய பெயர்தான் ஏடா. கவிஞர் பைரன் பிரபுவின் மகள் ஏடா லவ்லேஸ் நினைவாக வைத்தது. 1815 டிசம்பர் 10-ல் பிறந்து 36 வயதிலேயே மறைந்தவர் அவர். சார்லஸ் பாபேஜ் கற்பனை செய்த கணிப்பொறியைப் பற்றிய ஒரு கட்டுரையை 1843-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கூடவே, மூலக் கட்டுரையைவிட நீளமான குறிப்புகளையும் சேர்த்தார். அதில் ஒரு குறிப்பு, பெர்னூலி எண்களை அந்த இயந்திரம் எப்படிப் படிப்படியாகக் கணக்கிடும் என்று காட்டுகிறது. உலகின் முதல் புரோகிராம் என்று பலரும் சொல்வது அதைத்தான். மொழியின் அதிகாரபூர்வ வரையறைக்கு ராணுவம் கொடுத்த எண் 1815, அவர் பிறந்த ஆண்டு. ஒப்புதல் கிடைத்த நாள் 1980 டிசம்பர் 10, அவருடைய பிறந்தநாள்.

பாபேஜின் அந்த இயந்திரம் கட்டி முடிக்கப்படவே இல்லை. ஏடா அம்மையாருக்குத் தன் புரோகிராமை ஓட்டிப் பார்த்துத் திருத்தும் வாய்ப்பே கிடைக்கவில்லை. ஒவ்வோர் அடியிலும் எந்தச் சக்கரத்தில் எந்த எண் இருக்கும் என்று முன்கூட்டியே யோசித்துத்தான் எழுத வேண்டியிருந்தது. ‘முதலில் ஓட்டு, உடைந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிற பழக்கத்துக்கு நேர் எதிரான அந்த நிதானம்தான் அவர் பெயரைத் தாங்கிய மொழிக்கும் அடிப்படை.

டப்பாவில் ஒட்டிய லேபிள்

சமையலறையில் உப்பும் சர்க்கரையும் ஒரே மாதிரி டப்பாவில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் வெள்ளை. சமைப்பவருக்கு எது எதுவென்று தெரியும். அவர் ஊருக்குப் போன அன்று காபி போட வருபவருக்குத் தெரியாது.

பல மொழிகளில் எண்கள் இப்படித்தான் கிடக்கின்றன. 100 என்பது 100 ரூபாயாகவும் இருக்கலாம், 100 கிலோமீட்டராகவும் இருக்கலாம். இரண்டையும் கூட்டச் சொன்னால் கூட்டித் தந்துவிடும். ஏடாவில் ஒவ்வொரு டப்பாவுக்கும் லேபிள் ஒட்டலாம். ‘மீட்டர்’ ஒரு வகை, ‘அடி’ வேறு வகை என்று அறிவித்துவிட்டால் போதும். ஒன்றை இன்னொன்றோடு கூட்ட முயன்றால், எழுதியதை இயந்திரத்துக்குப் புரிகிறபடி மாற்றித் தரும் கம்பைலர் அங்கேயே கையைப் பிடித்துக்கொள்ளும். உண்மையிலேயே மாற்ற வேண்டுமென்றால், மாற்றுகிறேன் என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

லேபிளில் எல்லையும் எழுதலாம். வயது என்றால் 0 முதல் 120 வரை. எங்கோ ஒரு கணக்கு பிசகி 430 வந்து நின்றால், அதை அப்படியே விழுங்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போகாது. ‘எல்லை மீறல்’ என்று அந்த இடத்திலேயே குரல் கொடுக்கும்.

லேபிள் இல்லாததன் விலையை 1999 செப்டம்பர் 23 அன்று நாசா கொடுத்தது. செவ்வாய்க் கிரகத்தின் பருவநிலையை ஆராயப் போன விண்கலம் அன்று தொலைந்தது. உந்துவிசைக் கணக்கை ஒரு தரப்பு மென்பொருள் பவுண்டு அளவில் தந்தது. இன்னொரு தரப்பு அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட நாலரை மடங்கு வித்தியாசம். விண்கலம் திட்டமிட்டதைவிடத் தாழ்வாகப் போய் அழிந்தது. ஏடாவில் எழுதியிருந்தால் இது நடந்தே இருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பாகப் போகும்போது லேபிள் கூடவே போவதில்லை. ஆனால், “இது எந்த அளவு?” என்று கேட்கும் பழக்கத்தின் மதிப்பு என்ன என்பதை அந்தச் சம்பவம் காட்டிவிட்டது.

73-ஆம் எண் படுக்கை

ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கைகள். ஒருவர் 73-ஆம் எண் என்று சொல்லிக்கொண்டு ஏறுகிறார். சி மொழி டிக்கெட்டை வாங்கிப் பார்க்காது. 72-க்கு அடுத்த இடத்தில் என்ன இருக்கிறதோ, அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடும். அது அடுத்த பெட்டியில் வேறொருவர் படுத்திருக்கும் இடமாக இருந்தாலும் சரி. ஏடாவில், இந்த வரிசை 1 முதல் 72 வரை என்று அறிவித்துவிட்டால் 73-க்கு அனுமதி கிடையாது. ஒவ்வொரு முறையும் டிக்கெட் பரிசோதனை நடக்கும்.

இது சின்ன விஷயமாகத் தெரியும். 2014-ல் உலகத்தையே கலங்கடித்த ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை இந்த வகைதான். இணையத்தில் ரகசியத் தகவல்களைப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருள் சி-யில் எழுதப்பட்டது. ‘இத்தனை எழுத்துகளைத் திருப்பி அனுப்பு’ என்று வெளியிலிருந்து வந்த எண்ணை அது சரிபார்க்காமல் நம்பியது. கையில் இருந்தது கொஞ்சம், கேட்டது அதிகம் என்றால், பக்கத்து மெமரியில் இருந்ததையும் சேர்த்து அள்ளிக் கொடுத்தது. அதில் பாஸ்வேர்டுகளும் இருக்கலாம், ரகசியச் சாவிகளும் இருக்கலாம்.

படிப்பவருக்காக எழுது

ஏடாவை உருவாக்கியவர்கள் ஒரு முடிவை வெளிப்படையாகவே எடுத்தார்கள்: எழுதச் சுலபமாக இருப்பதைவிடப் படிக்கத் தெளிவாக இருப்பது முக்கியம். எழுதுவது ஒருமுறை, ஒருவர். படிப்பது பலமுறை, பலர். விமானத்தின் ஆயுள் 30 ஆண்டுகள் என்றால் அதற்குள் இருக்கும் புரோகிராமை, எழுதியவர் முகத்தையே பார்க்காதவர்கள் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

அந்த அக்கறை சின்னச் சின்ன இடங்களில் தெரியும். ரயில் டிக்கெட் எடுக்கும் ஒரு புரோகிராமில் (மதுரை, சென்னை) என்று மட்டும் எழுதியிருந்தால் எது புறப்படும் ஊர், எது சேரும் ஊர்? ஏடாவில் ‘எங்கிருந்து => மதுரை, எங்கே => சென்னை’ என்று பெயர் சொல்லியே எழுதலாம். ஒரு துணைப் புரோகிராமிடம் தகவலைக் கொடுக்கும்போது, அது படிக்க மட்டும் செய்யுமா, மாற்றவும் செய்யுமா என்று முன்கூட்டியே குறிப்பிட்டாக வேண்டும். நோட்டை இரவல் கொடுக்கும்போது, ‘பார்க்கத்தான், எழுதக் கூடாது’ என்று சொல்லிக் கொடுப்பதைப் போல.

டிராஃபிக் சிக்னலுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிலை வைத்து எழுதிய புரோகிராமில், பின்னால் ‘மினுக்கும் மஞ்சள்’ என்று நான்காவதைச் சேர்த்தால், அந்த நான்காவதுக்கு என்ன செய்வது என்று சொல்லாமல் விட்ட ஒவ்வோர் இடத்தையும் கம்பைலர் வரிசையாகக் காட்டும். ‘மற்றவை’ என்று ஒரே வரியில் தப்பித்துக்கொள்ளாதவரை, மறதிக்கு அங்கே இடமில்லை.

இந்தியக் கண்ணுக்குப் பிடித்த ஒன்றும் உண்டு. பெரிய எண்களைப் படிக்க வசதியாக நடுவில் கீழ்க்கோடு போட்டுக்கொள்ளலாம். எங்கே போடுவது என்பது எழுதுபவர் விருப்பம். அமெரிக்கர் 100_000 என்று எழுதுவார். லட்சத்தில் யோசிப்பவர் 1_00_000 என்று எழுதலாம். ஏடாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கூப்பிட்டது, கேட்க ஆள் இல்லை

இத்தனை கண்டிப்பான மொழியின் வரலாற்றில் ஒரு பெரிய விபத்தும் உண்டு. அதை ஒதுக்கிவிட்டு ஏடாவைப் புகழ்வது நியாயமாக இருக்காது.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பியது. ஏறக்குறைய 40 நொடியில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், திசை மாறி, உடைந்து வெடித்தது. உள்ளே இருந்த நான்கு ‘கிளஸ்டர்’ ஆய்வுச் செயற்கைக்கோள்களும் போயின.

ராக்கெட்டின் நிலையைக் கணக்கிடும் கருவியின் மென்பொருள் ஏடாவில் எழுதப்பட்டது. முந்தைய ஏரியான் 4-க்காக எழுதி, அதில் நன்றாகவே வேலை செய்தது. அதையே எடுத்துப் புதியதில் வைத்தார்கள். கிடைமட்ட வேகம் சம்பந்தப்பட்ட ஒரு பெரிய எண்ணை, 32,767-க்கு மேல் கொள்ளாத சிறிய டப்பாவுக்குள் மாற்றும் வரி ஒன்று அதில் இருந்தது. ஏரியான் 4-ல் அந்த எண் அவ்வளவு பெரிதாக வர வாய்ப்பே இல்லை. ஏரியான் 5 அதைவிட வேகமானது. எண் டப்பாவில் கொள்ளவில்லை.

ஆபத்து வரக்கூடிய ஏழு எண்களை எழுதியவர்கள் அடையாளம் கண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால் நான்குக்கு மட்டும் பாதுகாப்பு போட்டு, மூன்றை விட்டுவிட்டார்கள். விட்டதில் ஒன்றுதான் இது. இத்தனைக்கும் அந்தக் கணக்கு ஏரியான் 5 கிளம்பிய பிறகு எதற்குமே தேவைப்படாத ஒன்று.

எல்லை மீறியபோது மொழி தன் கடமையைச் செய்தது. கூப்பிட்டது. ஆனால் கேட்க யாரும் வைக்கப்படவில்லை. இப்படி ஒரு கூக்குரல் வந்தால் கருவி பழுதாகிவிட்டது என்று அர்த்தம், உடனே அணைத்துவிடு என்பதே வடிவமைப்பு. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள். அதே காரணத்தால் அதுவும் அணைந்தது. அணையும்போது அனுப்பிய பழுதுக் குறிப்பை, பறக்கும் திசை பற்றிய தகவல் என்று பிரதானக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டது. பிறகு நடந்ததை உலகமே பார்த்தது.

கேள்வி கேட்கும் மொழி இருந்தால் மட்டும் போதாது, பழைய பதில் புதிய இடத்துக்கும் பொருந்துமா என்று மனிதர்கள்தான் மறுபடி கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை அந்த 40 நொடிகள் சொல்லிவிட்டுப் போயின.

ஒரு சோறு பதம் இங்கே செல்லாது

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். மென்பொருளைச் சோதிப்பவர்களும் ஏறக்குறைய அந்த நம்பிக்கையில்தான் சோதிக்கிறார்கள். ஆனால் மென்பொருள் சோறு அல்ல. ஆயிரம் பருக்கை வெந்திருக்கும். ஆயிரத்தோராவது கல்லாக இருக்கும்.

இதற்குப் பதிலாக வந்ததுதான் ‘ஸ்பார்க்’. ஏடாவிலிருந்து கணிதத்துக்குள் அடங்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்ட வடிவம் இது. இந்த வேலை தொடங்கும் முன் எது உண்மையாக இருக்க வேண்டும், முடிந்தபின் எது உண்மையாக இருக்கும் என்று ஓர் ஒப்பந்தம் போல எழுதி வைத்தால், அது எல்லாச் சூழ்நிலையிலும் நிறைவேறுமா என்று ஒரு கருவி நிரூபித்துக் காட்டும். பள்ளிக்கூட ஜியோமிதியில் தேற்றத்தை நிரூபிப்பதைப் போல. பிரிட்டனின் வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் ஸ்பார்க் பயன்படுகிறது. கிராபிக்ஸ் சிப்புகளால் பிரபலமான என்விடியாவும் தன் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட சில மென்பொருள்களுக்கு இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குத்தான் என்று நினைக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள், பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் அளவே உள்ள ஒரு குட்டிச் செயற்கைக்கோளுக்கு ஸ்பார்க்கில் மென்பொருள் எழுதினார்கள். 2013 நவம்பரில் அது வேறு பல கல்லூரிகளின் குட்டிச் செயற்கைக்கோள்களோடு ஒரே ராக்கெட்டில் போனது. கூடப் போனவற்றில் பல, மேலே போன பிறகு பேசவே இல்லை. வெர்மான்ட் மாணவர்களுடையது 2 ஆண்டுகள் வேலை செய்து, 2015 நவம்பரில் வளிமண்டலத்துக்குள் இறங்கி எரியும் வரை உயிரோடு இருந்தது.

ஏன் பேர் எடுக்கவில்லை?

காரணங்கள் உண்டு. ஆரம்பத்தில் ஏடா கம்பைலர்கள் விலை அதிகம், வேகம் குறைவு. சி மொழியோ யூனிக்ஸோடு கூடவே பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்துவிட்டது. கணினி அறிவியல் மேதை டோனி ஹோர், 1980-ல் டூரிங் விருது பெற்ற உரையிலேயே ஏடா தேவைக்கு மேல் சிக்கலாக இருக்கிறது என்று கடுமையாக எச்சரித்தார். ராணுவ முத்திரை வேறு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1991-ல் ஏடாவைக் கட்டாயமாக்கி, 1997-ல் அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. கட்டாயத்தின் பேரில் வந்த மொழிமீது யாருக்கும் ஆசை வருவதில்லை.

எழுதுபவரின் பொறுமையைச் சோதிக்கும் என்பதும் உண்மை. சி-யில் பத்து வரியில் முடிவதற்கு இங்கே பதினைந்து வரி ஆகலாம். முதல் வாரம் முழுக்கக் கம்பைலரோடு சண்டையாகவே இருக்கும். அந்தச் சண்டையில் தோற்பது நல்லது. மேஜையில் தோற்றால் ஒரு சாயங்காலம் போகும். ஆகாயத்தில் தோற்றால் என்ன போகும் என்று கூரூவில் தெரிந்தது.

மெமரியைப் பாதுகாப்பாகக் கையாளும் மொழி என்று இன்று ரஸ்ட்டுக்கு நல்ல பேர். அதற்கு அது தகுதியானதுதான். ஆனால் தவறு செய்வது மனித இயல்பு, அதைத் தடுப்பது கருவியின் கடமை என்று கணினி உலகம் இப்போது பேசுவதை, ஏடா 1983-லேயே தரப்படுத்தப்பட்ட ஒரு மொழியாகச் செய்து காட்டிவிட்டது.

விலை என்கிற தடையும் இன்று இல்லை. ‘நாட்’ என்ற ஏடா கம்பைலர், ஜிசிசி தொகுப்பின் பகுதியாக இலவசமாகவே கிடைக்கிறது. சாதாரண லேப்டாப் போதும். கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஒரு விடுமுறை வாரத்தில் முயன்று பார்க்கச் சொல்லலாம். வேலைக்கான விளம்பரங்களில் ஏடாவின் பெயர் அபூர்வமாகத்தான் தென்படும். ஆனால் ஒரு வாரம் அதனிடம் அதட்டு வாங்கியவர், அடுத்து எந்த மொழியில் எழுத உட்கார்ந்தாலும் கை வைக்கும் முன் ஒரு நொடி நிற்பார். ‘இது என்ன எண், எதுவரை போகும், தாண்டினால் யார் கேட்பார்கள்’ என்று தன்னையே கேட்டுக்கொள்வார்.